எடுப்பது எவ்வளவு, விடுவது எவ்வளவு? அழகுக்கான இமை அறுவை பற்றிய பார்வைகள்

நாற்பதைக் கடந்த பலருக்கும் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு. இரவு நன்றாகத் தூங்கி எழுந்திருப்பார்கள், பார்ப்பவர்களோ, "உடம்பு சரியில்லையா, முகம் வாடியிருக்கே?" என்பார்கள். மேல் இமையின் தோல் தளர்ந்து கண்மீது சரிவதும் கீழ் இமையில் பை கட்டுவதும்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். இவற்றைச் சரிசெய்யும் அறுவைக்கு பிளெஃபரோபிளாஸ்டி, அதாவது இமைச் சீரமைப்பு, என்று பெயர். அழகியல் அறுவை மருத்துவர்களின் சர்வதேசச் சங்கமான ஐசாப்ஸ் 2024ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, உலகில் அதிகம் செய்யப்பட்ட அழகு அறுவை இதுதான். 21 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளோடு, கொழுப்பு உறிஞ்சும் அறுவையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது.

இத்தனை பேர் தேடிப்போகும் இந்த அறுவையிடம் உண்மையில் எதை எதிர்பார்க்கலாம்? கேள்வி பழையது, பதில்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. இமை ஏன் மூப்படைகிறது என்பதை ஒவ்வொரு தலைமுறை மருத்துவரும் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார்கள். அந்தப் புரிதலுக்கேற்பக் கத்தி போகும் இடமும் மாறியது. நோயாளிக்குத் தரப்பட்ட வாக்குறுதியும் மாறியது. அந்தப் பதில்களையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது.

பார்வைக்காகத் தொடங்கியது

இமைத் தோலை வெட்டும் வழக்கம் அழகுக்காகப் பிறந்ததல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், தளர்ந்த மேல் இமையின் தோலை வெட்டியெடுத்துத் தைக்கும் முறையைத் தம் மருத்துவ நூலில் விவரித்திருக்கிறார். பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் பாக்தாத்தில் வாழ்ந்த கண் மருத்துவர் அலி இப்னு ஈசா வேறொரு வழி சொன்னார். மிகுதியான தோல் மடிப்பை இரண்டு சிறு குச்சிகளுக்கு நடுவில் இறுக்கிக் கட்டிவிட்டால், ரத்த ஓட்டம் நின்று அது தானாக உதிர்ந்துவிடும். பார்வையை மறைக்கும் தோலை அகற்றுவதும் கண்ணில் உறுத்தும் முடியை விலக்குவதுமே இவர்களின் நோக்கம்.

பிளெஃபரோபிளாஸ்டி என்ற பெயரை 1818இல் வழங்கியவர் பெர்லினைச் சேர்ந்த கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃப. புற்றுநோயாலோ காயத்தாலோ இழந்த இமையை மீண்டும் அமைத்துத் தருவதையே அவர் அப்படிக் குறிப்பிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அழகு என்ற நோக்கம் வெளிப்படையாக முன்னுக்கு வந்தது. சிகாகோவின் சார்லஸ் கான்ராட் மில்லர் 1907இல் அழகு அறுவைக்கென்றே ஒரு நூல் எழுதினார். இமைச் சுருக்கம் அதில் இடம்பெற்றது. பாரிஸில் சூசான் நோயல் 1926இல் எழுதிய நூலில் அழகு அறுவையின் சமூகப் பங்கைப் பேசினார். முகத்தில் வயது தெரிந்தால் வேலை பறிபோகும் பெண்களுக்கு இந்த அறுவை பிழைப்போடு தொடர்புடையது என்பது அவர் வாதம். தேவை, ஆடம்பரம் என்ற பிரிவினை அன்றே அசைக்கப்பட்டுவிட்டது.

அந்தப் பிரிவினை இன்று பணக்கணக்காகத் தொடர்கிறது. மேல் இமை தாழ்ந்து பார்வைப் புலத்தை மறைக்கிறதா என்பதை அளக்க முடியும். கருவிழியின் நடுவில் தெரியும் ஒளிப்புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு வரை இயல்பாக 4 முதல் 5 மி.மீ. இருக்கும். அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் 2011இல் வெளியிட்ட மதிப்பாய்வு, இந்தத் தூரம் 2 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருப்பதையும், மேல்புறப் பார்வையில் குறைந்தது 12 பாகை அல்லது 24 சதவீதம் இழப்பு இருப்பதையும், அறுவை பலன் தரும் என்பதற்கான அடையாளங்களில் சேர்த்தது. இந்தியாவில் மருத்துவக் காப்பீடு அழகு அறுவைக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை, ஜி.எஸ்.டி. விலக்கும் அதற்குக் கிடையாது. பார்வை மறைகிறது என்று பரிசோதனையில் உறுதியானால் நிலைமை மாறக்கூடும். ஆகவே, எதற்காகச் செய்துகொள்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது செலவைப் பொறுத்தும் முக்கியம்.

முதல் நிலைப்பாடு: மிகுதியை நீக்கு

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆட்சி செய்த கருத்து எளிமையானது. வயதானால் தோல் மிகுதியாகிறது. கண்குழிக்குள் இருக்கும் கொழுப்பு அதைத் தாங்கும் மெல்லிய சவ்வு தளர்வதால் முன்னே பிதுங்குகிறது. எனவே இரண்டையும் வெட்டியெடுத்தால் போதும். பாரிஸின் ஜூலியன் பூர்கே 1924இல், கீழ் இமையின் உட்புற ஜவ்வு வழியாகவே கொழுப்பை எடுக்கும் முறையை வெளியிட்டார். வெளியே தழும்பே தெரியாது. சால்வடோர் காஸ்தன்யாரெஸ் 1951இல் இமைக் கொழுப்பு தனித்தனி அறைகளாக அமைந்திருப்பதை விளக்கினார். எங்கே திறந்தால் எந்தக் கொழுப்பு கிடைக்கும் என்ற வரைபடம் அறுவை மருத்துவர்களின் கையில் வந்துவிட்டது.

இந்த நிலைப்பாட்டின் பலம், விளைவு உடனே கண்ணுக்குத் தெரிவது. மேல் இமையில் இன்றும் இதுவே அடிப்படை. பலவீனம் ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்பட்டது. கொழுப்பை அதிகம் எடுத்த கண்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் குழிவிழுந்து, எலும்பு விளிம்பு துருத்தி, முன்பிருந்ததைவிட மூப்பாகத் தோன்றின. கீழ் இமைத் தோலை அதிகம் எடுத்த இடத்தில் இமை கீழே இழுபட்டு, விழியின் வெள்ளைப் பகுதி கருவிழிக்குக் கீழே தெரிந்தது. மேல் இமைத் தோலை அதிகம் எடுத்தால் கண் முழுதாக மூடாது.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்த எச்சரிக்கை, அறுவைக்கு முன் பேனாவால் கோடு போடும் நேரத்தில் கண்முன் தெரியும். நோயாளியை உட்காரவைத்துத்தான் கோடு போடுவார்கள். படுத்தால் தோல் வேறு பக்கம் சரிந்துவிடும். இமையின் இயற்கை மடிப்பில் கீழ்க் கோடு. அது பெண்களுக்குப் பொதுவாக இமை விளிம்பிலிருந்து 8 முதல் 10 மி.மீ. உயரத்திலும், ஆண்களுக்குச் சற்றுத் தாழ்வாகவும் இருக்கும். பிறகு நுண்ணிடுக்கியால் தோலை மெல்லப் பிடித்துப் பார்த்து, இமை விளிம்பு தூக்காத அளவில் மேல் கோடு. புருவத்துக்கும் இமை முடிக்கும் இடையில் ஏறத்தாழ 20 மி.மீ. தோலாவது மிஞ்ச வேண்டும் என்பது கைப்பழக்கத்தில் வந்த விதி. எடுப்பதைவிட விட்டுவைப்பதைத்தான் அந்த விதி அளக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

மேல் இமைத் தோலோடு கண்ணை மூடும் வட்டத் தசையின் ஒரு கீற்றையும் வெட்டுவதா என்ற துணைக் கேள்வியும் இங்கே உண்டு. ஒரே நபரின் ஒரு கண்ணில் தசையை எடுத்தும் மறு கண்ணில் விட்டும் ஒப்பிட்ட ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தோற்றத்தில் பெரிய வேறுபாடு இல்லை, தசையை எடுத்த பக்கம் தொடக்க நாட்களில் தொந்தரவு கூடுதல் என்ற பக்கமே அவை சாய்கின்றன. ஆயினும் எண்ணிக்கை சிறியது. எல்லா முகங்களுக்கும் பொருந்தும் தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ள இயலாது.

இரண்டாம் நிலைப்பாடு: கொழுப்பை இடம் மாற்று

பிரேசிலின் ராவுல் லோப் 1981இல் மாற்றுவழி ஒன்றை முன்வைத்தார். கீழ் இமையில் புடைப்பும் அதற்குக் கீழே பள்ளமும் அடுத்தடுத்து இருக்கின்றன. புடைப்பை வெட்டி வீசுவானேன்? அந்தக் கொழுப்பையே கீழே நகர்த்திப் பள்ளத்தில் பரப்பலாமே! டல்லஸின் சாம் ஹாம்ரா 1995இல் இதை விரிவாக்கினார். கண்குழியின் கீழ் விளிம்பில் சவ்வு ஒட்டியிருக்கும் இடத்தை விடுவித்து, கொழுப்பை எலும்பு விளிம்புக்கு மேலாக இழுத்துப் பரப்பி, இமைக்கும் கன்னத்துக்கும் இடையிலான எல்லைக் கோட்டை மழுங்கச் செய்தார்.

கண்ணின் உள்மூலையிலிருந்து கன்னத்தை நோக்கி இறங்கும் பள்ளம்தான் பலருக்கும் களைப்புத் தோற்றத்தைத் தருகிறது. அதை வெறும் வெட்டலால் சரிசெய்ய முடியாது என்பதை இந்தப் பார்வை சரியாகவே இனங்கண்டது. எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. அறுவை நீளுகிறது, வீக்கம் வடியக் கூடுதல் நாள் பிடிக்கிறது, நகர்த்திய கொழுப்பு கட்டியாகத் தட்டுப்படலாம், சவ்வில் தழும்பு விழுந்து இமை இறங்கும் வாய்ப்பும் உண்டு. புடைப்பு மட்டும் உள்ள, பள்ளமே இல்லாத இளம் வயதினருக்கு உட்புறம் வழியாகச் சிறிது கொழுப்பை எடுத்தாலே போதும் என்று வாதிடுவோர் இன்றும் வலுவாக இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மூன்றாம் நிலைப்பாடு: மூப்பு என்பது இழப்பு

வால் லாம்ப்ரோஸ் 2007இல் வெளியிட்ட ஆய்வு விவாதத்தைத் திசைதிருப்பியது. ஒரே மனிதரின் இளமைக்காலப் படத்தையும் பல்லாண்டுகளுக்குப் பிந்தைய படத்தையும் ஒரே கோணத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மாற்றி மாற்றிப் பார்த்தார். இமைக்கும் கன்னத்துக்கும் இடையிலான எல்லை, எல்லோரும் நம்பியதுபோல் பெரிதாகக் கீழிறங்கவில்லை. தோலில் இருந்த மச்சங்கள்கூடப் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. மாறியது நிழலும் நிறைவும். முகம் சரிகிறது என்பதைவிட வற்றுகிறது என்பதே பொருத்தம் என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது. வற்றியதற்கு மருந்து நிரப்புவதுதானே? வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்த கொழுப்பை நுண்ணூசியால் இமையடியில் செலுத்துவதும், ஹயலூரானிக் அமிலம் கொண்ட ஃபில்லர்களும் இந்தப் பார்வையின் கருவிகள்.

இங்கும் எல்லைகள் உண்டு. செலுத்திய கொழுப்பில் எவ்வளவு உயிர்பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, ஒரு மி.மீ. கூட இருக்காது, அதனடியில் சிறு மேடுபள்ளமும் வெளியே தெரிந்துவிடும். ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் புகுந்து பார்வையைப் பறித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அரிதுதான், ஆனால் அறுவைக்கு மாற்றான எளிய ஊசி என்று விளம்பரப்படுத்தும்போது இந்த அபாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலும், தோல் உண்மையிலேயே மிகுந்து தொங்குபவருக்கு நிரப்புவது விடையாகாது.

நான்காம் நிலைப்பாடு: குறை இமையில் இல்லாமல் இருக்கலாம்

இமை கனத்துத் தெரிவதற்கு இமைத் தோல் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. கண் சீரமைப்பில் தனிப்பயிற்சி பெற்ற ஆக்குலோபிளாஸ்டி மருத்துவர்கள் வலியுறுத்தும் கருத்து இது. புருவம் தாழ்ந்திருக்கலாம். இமையைத் தூக்கும் தசையின் பிடி தளர்ந்து, இமை விளிம்பே இறங்கும் டோசிஸ் இருக்கலாம். தைராய்டு நோயால் கண்குழியில் வீக்கம் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெற்றித் தசை நல்ல சான்று. இமை கனக்கும்போது பலர் தம்மையறியாமலே நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை உயர்த்தி வைத்துக்கொள்வார்கள். இமைத் தோலை வெட்டியதும் அந்த முயற்சி தேவையற்றுப்போகிறது. புருவம் தன் இயல்பான இடத்துக்கு இறங்குகிறது. விளைவாக, அறுவை முடிந்தும் "முன்போலவேதான் இருக்கு" என்ற ஏமாற்றம். இரண்டு இமைத் தூக்கிகளுக்கும் மூளையிலிருந்து சமமான கட்டளை போவதால், ஒரு கண்ணின் டோசிஸைச் சரிசெய்ததும் மறு கண்ணில் மறைந்திருந்த தொய்வு வெளிப்படுவதும் உண்டு. லேசான டோசிஸுக்குச் சொட்டு மருந்தும் வந்துவிட்டது. ஆக்ஸிமெடசோலின் 0.1 சதவீதச் சொட்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் ஒப்புதல் தந்தது. அது மருந்து போட்ட சில மணி நேரத்துக்கு மட்டும் இமையை உயர்த்தும்; மிகுந்த தோலை அது ஒன்றும் செய்யாது.

ஆகவே அறுவையின் முடிவு பெரும்பாலும் பரிசோதனை அறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நல்ல பரிசோதனையில் பார்வைத் திறன், கண்ணீர்ச் சுரப்பு, இமை உயரம், கண் மூடும் விதம் எல்லாம் பதிவாகும். கீழ் இமையை விரலால் கீழே இழுத்துவிட்டு, கண் சிமிட்டாமலே அது சட்டென்று தன் இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். மெதுவாகத் திரும்பினால் இமை தளர்ந்திருக்கிறது; அப்படியானால் வெளிமூலையை எலும்போடு இறுக்கித் தைக்கும் துணை அறுவையும் தேவைப்படலாம். இந்தச் சோதனைகள் எதுவுமின்றி, போட்டோவைப் பார்த்தே தேதி குறிக்கும் இடத்தில் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

கிழக்காசியாவின் வேறு கேள்வி

மேலே கண்ட விவாதங்கள் மூப்பைப் பற்றியவை. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் இமை அறுவையின் பெரும்பகுதி இளையோருக்கானது. கிழக்காசியரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மேல் இமையில் மடிப்பு இருப்பதில்லை. அந்த மடிப்பை உருவாக்கும் முறையை ஜப்பானின் மிகாமோ 1896இலேயே பதிவுசெய்தார். ஒரு கண்ணில் மட்டும் மடிப்பில்லாத பெண்ணுக்கு மூன்று தையல்களால் மற்றக் கண்ணைப் போன்ற மடிப்பை அவர் அமைத்தார்.

இந்த அறுவை வெள்ளையரைப் போலத் தோன்றும் விருப்பமா என்ற கேள்வி, கொரியப் போருக்குப் பின் அங்கே பணியாற்றிய அமெரிக்க அறுவை மருத்துவர் டேவிட் ரால்ஃப் மில்லார்டின் கட்டுரைகளால் கூர்மையடைந்தது. கிழக்கத்தியக் கண்ணை மேற்கத்தியக் கண்ணாக மாற்றுவதாகவே அவர் எழுதினார். சமூகவியல் விமர்சகர்கள் பலர் இதை இன ஆதிக்கத்தின் தடமாகக் காண்கிறார்கள். மறுதரப்பு வரலாற்றைச் சுட்டுகிறது: மிகாமோவின் பதிவு அமெரிக்கப் படை வருவதற்கு அரை நூற்றாண்டு முந்தியது, கிழக்காசியரிலேயே இயற்கையாக மடிப்புள்ளவர் பாதிப்பேர், அங்குள்ள மருத்துவர்கள் இன்று அமைக்கும் தாழ்வான, மெலிந்த மடிப்பு ஐரோப்பிய இமையை ஒத்ததல்ல. முதல் தரப்பு தனிமனிதரின் விருப்பத்தை எளிதில் கடந்துபோகிறது. இரண்டாம் தரப்போ, அந்த விருப்பத்தை வளர்க்கும் வேலைச் சந்தையையும் விளம்பரத்தையும் போதிய அளவு கேள்வி கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே பொருத்தம்.

நம் தோலும் கருவளையமும்

இந்திய முகங்களில் அடிக்கடி கேட்கும் குறை கருவளையம். இங்குதான் எதிர்பார்ப்பும் பலனும் அதிகம் விலகுகின்றன. கண்ணடிக் கருமைக்கு மூன்று காரணங்கள் கலந்திருக்கலாம்: தோலிலேயே படிந்த நிறமி, மெல்லிய தோலுக்கடியில் தெரியும் ரத்தக் குழாய்கள், புடைப்பும் பள்ளமும் ஏற்படுத்தும் நிழல். அறுவை மூன்றாவதைக் குறைக்கும். முதலிரண்டில் அதற்கு வேலை இல்லை. வெளிச்சத்தை முகத்துக்கு நேரே காட்டும்போது கருமை மறைந்தால் அது பெரும்பாலும் நிழல். தோலை லேசாக இழுத்தாலும் நிறம் அப்படியே இருந்தால் நிறமி. அறுவையோடு லேசரோ கெமிக்கல் பீலிங்கோ சேர்த்துச் செய்தால், மாநிறத்திலும் கருநிறத்திலும் உள்ளவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் நிறம் இன்னும் கறுக்கும் வாய்ப்பு வெளிர்நிறத்தவரைவிடக் கூடுதல். நம்மவர் பலர் அஞ்சும் கெலாய்டு தழும்பு இமையில் மிக அரிது என்பது ஆறுதலான செய்தி.

கண்ணோரக் கோடுகளையும் இமை அறுவை போக்காது. சிரிக்கும்போது தசை சுருங்குவதால் வருபவை அவை. போடாக்ஸ் போன்ற வேறு சிகிச்சைகளின் எல்லைக்குள் வருகின்றன.

நாட்கணக்கு

மேல் இமை அறுவை பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டே செய்யப்படும். கீழ் இமைக்கு மயக்க மருந்தும் தரப்படலாம். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் முடிந்து, பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலையை உயர்த்திப் படுத்தல், கண்ணில் களிம்பு. தையல் பிரிப்பது பொதுவாக ஐந்து முதல் ஏழாம் நாளில். கன்றிப்போன நீலம் பத்து நாள் முதல் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறையும். பலர் இரண்டாம் வாரத்தில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். தழும்பின் சிவப்பு மங்கவும் கடைசி வீக்கம் வடியவும் மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கலாம். முதல் மாதத்தில் இரு கண்களும் சமமில்லாமல் தெரிந்தால் அதை இறுதி முடிவாகக் கொள்ளக்கூடாது. அதற்குள் மறு அறுவை கேட்டு அவசரப்படுவதை மருத்துவர்கள் பொதுவாக ஊக்குவிப்பதில்லை.

ஆஸ்பிரின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகள், மீன் எண்ணெய், சில நாட்டு மருந்துகள் ஆகியவை ரத்தக் கசிவைக் கூட்டும். எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதே சமயம், இதய நோய்க்காக எடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. இதய மருத்துவரின் ஒப்புதல் தேவை. லேசிக் செய்துகொண்டவர்கள் குறைந்தது ஆறு மாதம் பொறுக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அந்தச் சிகிச்சையும் கண் உலர்வைத் தருவதே காரணம்.

ஆபத்தின் அளவு

மிகவும் அஞ்சத்தக்கது கண்குழிக்குள் ரத்தம் கசிந்து பார்வை நரம்பை அழுத்துவது. அமெரிக்க ஆக்குலோபிளாஸ்டி மருத்துவர்களிடம் கேட்டுத் திரட்டி 2004இல் வெளியான ஆய்வு, இத்தகைய கசிவு சுமார் 2,000 பேரில் ஒருவருக்கும், நிலையான பார்வை இழப்பு சுமார் 22,000 பேரில் ஒருவருக்கும் நேர்வதாக மதிப்பிட்டது. மருத்துவர்களின் நினைவையும் பதிவையும் நம்பிய கணக்கு என்பதால் உண்மை அளவு சற்று மாறலாம். ஆனாலும் மிக அரிது என்பதில் ஐயமில்லை. அரிது என்பதால் அலட்சியம் கூடாது என்பதற்கு நேரமே காரணம். ரத்த ஓட்டம் தடைபட்டால் விழித்திரை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. முதல் நாள் இரவில் திடீரெனக் கடும் வலி எடுத்தாலோ, விழி வெளியே தள்ளினாலோ, பார்வை மங்கினாலோ காலைவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தையலைப் பிரித்து, இமையின் வெளிமூலைத் தசைநாரை வெட்டி அழுத்தத்தைக் குறைத்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. இரவில் அழைத்தால் எடுக்கும் தொலைபேசி எண் ஒன்று கையில் இல்லாமல் இந்த அறுவைக்கு ஒப்புக்கொள்வது சரியல்ல.

அன்றாடம் வரும் தொல்லை கண் உலர்வு. ஒரே மருத்துவரிடம் பத்தாண்டுகளில் அறுவை செய்துகொண்ட 892 பேரைப் பின்னோக்கிப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு உலர்வு அறிகுறிகள் தோன்றியிருந்தன. கண்ணின் வெள்ளைப் பகுதி வீங்கும் கீமோசிஸும் அதே அளவில் இருந்தது. பெரும்பாலும் சொட்டு மருந்தில் அடங்குபவை இவை. மாதவிடாய் நின்ற பெண்கள், நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவர்கள், முன்பே கண் உலர்வு உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே முடிவு செய்ய வேண்டும்.

மனநிறைவு என்ற கடைசி அளவுகோல்

இமை அறுவைக்குப் பின் பெரும்பாலானோர் திருப்தி தெரிவிக்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பார்வை மறைப்பு நீங்கியவர்களுக்கு வாசிப்பு, வண்டி ஓட்டுதல் போன்ற அன்றாட வேலைகள் எளிதாவதற்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. தோற்றத்துக்காக மட்டும் செய்துகொண்டவர்களைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு தெளிவில்லை. கண்ணைப் பற்றிய திருப்தி கூடுகிறது. வாழ்க்கை பற்றிய திருப்தியும் கூடுகிறது என்பதற்கான சான்று மெலிந்தது.

ஒரு பிரிவினருக்கு மட்டும் பதில் ஓரளவு உறுதியானது. பிறர் கண்ணுக்கே படாத குறையை நாள் முழுவதும் எண்ணி வருந்தும் உடல் தோற்ற மனக்கோளாறு, மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரிடம் காணப்படுகிறது. அழகு அறுவை தேடி வருபவர்களிடம் அதைவிடக் கூடுதல். இவர்களுக்கு அறுவை நிம்மதி தருவது அரிது. கவலை முகத்தின் வேறோர் இடத்துக்கு நகர்ந்துவிடும். இவர்களை இனங்கண்டு மனநல மருத்துவரிடம் அனுப்புவது அறுவை மருத்துவரின் கடமை. வருமானம் அறுவையையே சார்ந்திருக்கும் தனியார் சூழலில் அந்தக் கடமை எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்பது கவலைக்குரிய கேள்வி.

தீர்ந்தவையும் தீராதவையும்

நான்கு நிலைப்பாடுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவை ஒன்றையொன்று முற்றிலும் மறுக்கவில்லை. ஒவ்வொன்றும் வேறொரு வகை முகத்தை மனத்தில் வைத்துப் பேசியது. தோல் மிகுந்தவருக்கு நீக்குவதும், புடைப்பும் பள்ளமும் சேர்ந்தவருக்கு இடம் மாற்றுவதும், வற்றியவருக்கு நிரப்புவதும், புருவமோ தசையோ தளர்ந்தவருக்கு அதைச் சரிசெய்வதும் பொருந்தும். ஒரு முறையையே எல்லோருக்கும் விற்பதுதான் பிழை. நூறாண்டு அனுபவம் ஓரளவு உறுதியாகச் சொல்வது ஒன்றுண்டு: குறைவாக எடுத்ததை மீண்டும் எடுக்க முடியும், அதிகமாக எடுத்ததைத் திருப்பித் தருவது மிகக் கடினம். இமைத் தோலுக்கு நிகரான தோல் உடம்பில் வேறெங்கும் தாராளமாகக் கிடைப்பதில்லை.

தீராதவையும் பல. கீழ் இமைக் கொழுப்பை எடுப்பதா, நகர்த்துவதா என்பதை நீண்ட காலம் பின்தொடர்ந்து ஒப்பிட்ட தரமான ஆய்வுகள் குறைவு. பெரும்பாலான வெளியீடுகள் ஒரு மருத்துவர் தம் நோயாளிகளைத் தாமே மதிப்பிட்டவை. சில மாதங்களோடு நின்றுவிடுபவை. குழிவிழுதல் போன்ற விளைவுகள் பத்தாண்டு கழித்தே தெரியும் என்பதால் இது சிறு குறையல்ல. அழகின் அளவுகோல்களும் பெரிதும் வெளிர்நிற முகங்களையும் கிழக்காசிய முகங்களையும் கொண்டே வகுக்கப்பட்டவை. தென்னிந்திய முகத்தின் கண்ணமைப்புக்கும் தோல் நிறத்துக்கும் ஏற்ற அளவீடுகள் இன்னும் போதாது. பெரிய கண் மருத்துவமனைகளில் ஆக்குலோபிளாஸ்டி பிரிவுகள் வளர்ந்திருக்கும் தமிழ்நாட்டில் அந்த ஆய்வைச் செய்ய வசதியும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது.

அதுவரை, இந்த அறுவையை எண்ணிப் பார்ப்பவர் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இதுதான்: பயிற்சி பெற்ற கையில், முறையான பரிசோதனைக்குப் பின் செய்தால், கனத்த மேல் இமை லேசாகும், கீழ் இமைப் பை அடங்கும், மேல் இமையின் பலன் பல ஆண்டுகள் நிற்கும், ஆனால் மூப்பு நிற்காது. கருமை போகும், கோடுகள் மறையும், வயது பத்துக் குறையும் என்ற வாக்குறுதிகளை இன்றுள்ள சான்று தாங்காது. தன் கண்ணில் எந்தக் குறை எதனால் வந்தது என்பதை மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்டு, அதற்கு இந்த அறுவை எவ்வளவு பயன்படும் என்ற நேரான பதிலைப் பெற்ற பிறகு எடுக்கும் முடிவு, வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், நல்ல முடிவாகவே இருக்கும்.